வெண்பொருளில் கோத்த நீர்

(கீழ்வேளூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கீழ்வேளூரில் ஒரு கால்நடை மருத்துவன் பேச வந்தால் உம்பளச்சேரி மாட்டைப் பற்றித்தான் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது நியாயம். சேற்று உழவுக்கென்றே இந்த மண்ணில் உருவான இனம் அது. செவலையாகப் பிறக்கும் கன்று ஆறேழு மாதத்துக்குள் சாம்பல் நிறத்துக்கு மாறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. கிருமியைக் கொல்ல மனிதன் செய்த ஒரு வேதிப்பொருள், விலங்கின் மூளையில் ஆற்றல் உண்டாகும் இடத்தில் போய் என்ன செய்கிறது என்பதுதான் அது. கேட்பதற்கு ஆய்வுக்கூடத்துச் சங்கதியாகத் தெரியும். ஆனால் அதே வேலையைச் செய்யும் இன்னொரு மருந்து ஒவ்வொரு ஆட்டுக் கிடையிலும் ஒரு பாட்டிலில் இருக்கிறது. அதனால்தான் சென்னையில் பேசுவதைவிட இங்கே பேசுவது முக்கியம் என்று நினைத்தேன்.

அந்தப் பாட்டில் ஏன் தேவைப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். நெல் விளையும் இடத்தில் நத்தை இருக்கும். நத்தை இருக்கும் இடத்தில் ஈரல் புழுவும் இருக்கும். இந்தியச் சமவெளியில் நாம் பார்ப்பது பெரும்பாலும் ஃபாசியோலா ஜைஜான்டிகா என்ற இனம். அதன் முட்டை சாணத்தோடு வாய்க்காலில் விழுகிறது. அதிலிருந்து வரும் நுண்புழு நத்தைக்குள் புகுந்து பல மடங்காகப் பெருகி, வெளியே வந்து நீரோரப் புல்லில் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்கிறது. அந்தப் புல்லை ஆடோ மாடோ மேய்ந்தால் புழு குடலைத் துளைத்து ஈரலுக்குப் போய்விடும். புழு பிடித்த மாட்டின் ஈரலைக் குறுக்கே அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பித்தக் குழாய்கள் வெளுத்துத் தடித்திருக்கும், சுண்ணாம்பு படிந்த இடத்தில் கத்தி நறநறக்கும், அழுத்தினால் ஒரு விரல் நீளத்தில் தட்டையான சாம்பல் நிறப் புழு வழுக்கி வெளியே வரும். இந்தப் புழு இரத்தத்தைக் குடிக்கிறது. இரத்தத்தோடு அதிலுள்ள ஆல்புமின் என்ற புரதமும் போய்விடுகிறது. அந்தப் புரதம்தான் நீரை இரத்தக் குழாய்க்குள் பிடித்து வைத்திருப்பது. அது குறைந்தால், நாள் முழுதும் தலை குனிந்து மேய்ந்த ஆட்டுக்குச் சாயங்காலம் தாடைக்கடியில் நீர் கோத்துக்கொள்ளும். தாடை வீக்கம் என்று நீங்கள் சொல்வது இதைத்தான். இந்தப் புரதத்தை மறந்துவிடாதீர்கள், மறுபடி வருகிறது.

சம்பா, தாளடி அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து கிடை ஆடுகள் வலசை வருகின்றன. வறண்ட காட்டில் வளர்ந்த ஆடுகளுக்கு இந்த ஈரப்புல் புதிது, புழுவும் புதிது. மழை ஓய்ந்து வாய்க்கால் ஓரம் மட்டும் பச்சையாக நிற்கும் நாளில் அத்தனை ஆடும் அந்தப் பச்சையைத்தான் தேடிப் போகும். ஆகவே அவற்றை மேய்த்து வரும் கீதாரிகள் மருந்து ஊற்றியே ஆகவேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. மருந்து இல்லாவிட்டால் பட்டி பாதியாகிவிடும்.

ஒரு கோடையில், இந்தப் பக்கத்துக் கிடை ஒன்றிலிருந்து ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் சில ஆடுகள் தனியே நின்றிருந்தன. தலையைத் தூக்கி வானத்தைப் பார்ப்பதுபோல வைத்திருந்தன. கையை முகத்துக்கு நேரே வீசினேன், இமை அசையவில்லை. டார்ச் அடித்தேன், கண்மணி விரிந்தபடியே நின்றது. ஒன்றை நடக்க விட்டபோது பின்னங்கால் பின்னி, வரப்பில் இடறி விழுந்தது.

“டாக்டரய்யா, மேய்ச்சல்ல குறை இல்ல. ரெண்டு நாளா வலையிலயே போயி முட்டுது. கூப்புட்டா காதத் திருப்புது, வர மாட்டேங்குது” என்றார் கீதாரி.

“என்ன மருந்து ஊத்துனீங்க?”

“பூச்சி மருந்துதாங்கய்யா. எல்லாத்துக்கும் ஒரு மூடி.”

“குட்டிக்கும் அதே மூடியா?”

“அதே மூடிதான்.”

பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். குளோசன்டல். நல்ல மருந்து. ஈரல் புழுவையும் இரத்தம் குடிக்கும் வயிற்றுப் புழுவையும் ஒரே தடவையில் அடித்து வெளியேற்றும். அந்த ஆடுகளுக்குப் பார்வை திரும்பவில்லை. கண் தெரியாத ஆட்டை வலசையில் கூட்டிப்போக முடியாது என்பதால் அவரால் அவற்றை விற்கத்தான் முடிந்தது. அவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: “புழுவுக்குக் குடுத்த மருந்து கண்ணுக்கு ஏய்யா போச்சு?” இந்தச் சொற்பொழிவு முழுவதுமே அந்தக் கேள்விக்குப் பதில்.

பதிலைத் தொடங்க வேண்டிய இடம் சென்னை. 1895-ல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாபிரகத சுப்பாராவ் அமெரிக்கா போய், ஹார்வர்டில் ஃபிஸ்க் என்ற பேராசிரியரோடு சேர்ந்து தசையில் பாஸ்பரஸ் எந்த வடிவில் இருக்கிறது என்று தேடினார். 1927-ல் பாஸ்போகிரியாட்டின், 1929-ல் ஏடிபி என்று இரண்டு பொருள்களை அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். அதே 1929-ல் ஜெர்மனியில் லோமன் என்பவரும் ஏடிபியைக் கண்டார். உயிர் எந்த நாணயத்தில் செலவு செய்கிறது என்பது அன்றுதான் தெரியவந்தது. இன்றைக்கும் மூளையில் ஆற்றல் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிற எவரும் அளப்பது இந்த இரண்டையும்தான். யானைக்கால் நோய்க்கு இங்கே வீடு வீடாக மாத்திரை கொடுத்தார்களே, அந்த டிஇசி மருந்தும் சுப்பாராவின் குழுவிலிருந்து வந்ததுதான். டெல்டாக்காரர்கள் அவர் பெயரை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம் என்பது என் ஆசை.

மூளையில் இதை அளப்பது எளிதல்ல. மனித உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடல் எடுக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது தின்கிறது. கையிருப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆலிவர் லவ்ரி என்ற ஆய்வாளர் 1964-ல் சுண்டெலிகளில் செய்த சோதனை இதைக் காட்டியது: மூளைக்கு இரத்தம் நின்ற சில விநாடிகளிலேயே பாஸ்போகிரியாட்டின் சரிகிறது, ஒரு நிமிடத்துக்குள் ஏடிபியும் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. எனவே மூளையை எடுத்து மெதுவாகச் சோதிக்க வழியே இல்லை. கண நேரத்தில் உறையவைத்து, அந்த உறைந்த துண்டிலிருந்துதான் கணக்கெடுக்க வேண்டும்.

அந்த ஏடிபி எங்கே உண்டாகிறது? உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில். எப்படி உண்டாகிறது என்பதை 1961-ல் பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர் சொன்னார். பல ஆண்டுகள் யாரும் ஏற்கவில்லை, 1978-ல் நோபல் பரிசு வந்தது. அவர் சொன்னதை உங்கள் வயலை வைத்தே சொல்கிறேன். மோட்டார் ஓடி வயலில் தண்ணீர் கட்டுகிறது. வரப்பு கெட்டியாக இருந்தால் தண்ணீர் மடை வழியாக மட்டும் இறங்கும். அந்த மடையில் ஒரு சக்கரம் வைத்தால் இறங்கும் தண்ணீர் அதைச் சுற்றும், வேலை நடக்கும். மைட்டோகாண்ட்ரியாவில் தண்ணீருக்குப் பதில் புரோட்டான். சாப்பாட்டை எரித்து வரும் விசையில் புரோட்டான் ஒரு சவ்வுக்கு அந்தப் பக்கம் ஏற்றிக் கட்டப்படுகிறது. அது இறங்கி வரும் மடையில் உள்ள சக்கரம் சுற்றும்போது ஏடிபி உண்டாகிறது. இப்போது அந்த வரப்பில் நண்டு வளை விழுந்தால்? மடையைத் திறக்காமலே தண்ணீர் போய்விடும். மோட்டார் நிற்காது. மட்டம் குறையக் குறைய இன்னும் வேகமாக ஓடும், டீசல் தீரும், சூடேறும். சக்கரம் மட்டும் சுற்றாது.

சில வேதிப்பொருள்கள் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் நண்டு வளை போடுகின்றன. கொழுப்பில் கரையக்கூடிய, மென்மையான அமிலத் தன்மை கொண்ட பொருள்கள் அவை. சவ்வின் ஒரு பக்கம் ஒரு புரோட்டானை எடுத்துக்கொண்டு, மறுபக்கம் போய் விட்டுவிட்டுத் திரும்பி வரும். மீண்டும் எடுக்கும், மீண்டும் விடும். இதை மனிதன் முதலில் தன் உடம்பில்தான் கண்டான். முதல் உலகப் போரில் பிரான்சின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோஃபீனால் கலந்த தொழிலாளர்கள் வியர்த்துக் கொட்டி, மெலிந்து, காய்ச்சலில் செத்தார்கள். அதே பொருளை 1933-ல் அமெரிக்காவில் உடல் மெலியும் மாத்திரையாகவே விற்கத் தொடங்கினார்கள். பலருக்குக் கண்புரை வந்தது, சிலர் உடல் கொதித்து இறந்தார்கள். 1938-ல் அங்கே புதிய மருந்துச் சட்டம் வந்த பிறகுதான் விற்பனை நின்றது.

இனி நம் கதைக்கு மையமான பொருள்: ஹெக்சாகுளோரோஃபீன். இரண்டு ஃபீனால் வளையம், ஒவ்வொன்றிலும் மூன்று குளோரின். 1941-ல் வில்லியம் கம்ப் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். வணிகப் பெயர் ஜி-11. தோலில் கொப்புளம் உண்டாக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவை அது அற்புதமாக அடக்கியது. கழுவிய பிறகும் தோலில் தங்கி வேலை செய்தது. சோப்பு, பவுடர், பற்பசை, நறுமணப் பூச்சு என்று எல்லாவற்றிலும் புகுந்தது. மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளை 3 சதவீதக் கரைசலில் தினமும் குளிப்பாட்டினார்கள். ஆடு மாடுகளின் ஈரல் புழுவுக்கும் அதையே கொடுத்தார்கள்.

பாக்டீரியாவும் தன் மேலுறைச் சவ்வில் இதே புரோட்டான் வித்தையைத்தான் வைத்துப் பிழைக்கிறது. நம் உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவே பழைய பாக்டீரியா ஒன்றின் வழித்தோன்றல் என்பது இன்று ஏற்கப்பட்ட உண்மை. அப்படியிருக்க, பாக்டீரியாவின் சவ்வைக் குலைக்கும் மருந்து நம் மைட்டோகாண்ட்ரியாவைக் கண்டால் விலகிப் போகும் என்று எதிர்பார்க்க வழியில்லை. மருந்துக்கு அது நண்பன், இது பகைவன் என்று தெரியாது. அங்கே போய்ச் சேர்ந்ததா, எவ்வளவு சேர்ந்தது என்பது மட்டும்தான் கணக்கு.

1971-ல் அமெரிக்காவில் ரெனேட் கிம்ப்ரோ, தாமஸ் கெய்ன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளின் தீவனத்தில் ஹெக்சாகுளோரோஃபீன் கலந்து கொடுத்தார்கள். எலிகளின் பின்னங்கால் வலுவிழந்தது. மூளையை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது வெண்பொருள் முழுவதும் ஓட்டை ஓட்டையாக இருந்தது. அடுத்த ஆண்டு காமர், மூர் என்ற இருவர் எலி மூளையின் மைட்டோகாண்ட்ரியாவைத் தனியே பிரித்துச் சோதித்தார்கள். குறைந்த அளவில் மருந்து நண்டு வளை போட்டது, அளவு கூடியபோது மோட்டாரையே நிறுத்தியது. தோலில் மட்டும் தடவிக் கழுவப்பட்ட குட்டிக் குரங்குகளின் மூளையிலும் அதே ஓட்டைகள் தெரிந்தன. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 1971 டிசம்பரில், குழந்தைகளை இதில் குளிப்பாட்டுவதை வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்று எச்சரித்தது. குளிப்பாட்டுவதை நிறுத்தியதும் சில மருத்துவமனைகளில் கொப்புள நோய் திரும்பி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். அந்த மருந்து வெறும் வீண் மருந்து அல்ல, அதற்கு ஒரு வேலை இருந்தது. முடிவெடுத்தவர்களுக்கு அது எளிதான காலம் அல்ல.

அதற்குள் பிரான்சில் பேரிடி விழுந்தது. 1972-ல் மோராஞ்ச் என்ற குழந்தைப் பவுடரில் ஹெக்சாகுளோரோஃபீன் தவறுதலாகக் கலந்துவிட்டது, 6.3 சதவீதம். டயப்பர் கட்டும் இடத்தில் தோல் சிவந்தது, பிறகு வாந்தி, வலிப்பு, கைகால் விளங்காமல் போவது. 204 குழந்தைகள் நோயுற்றார்கள், 36 குழந்தைகள் இறந்தார்கள். தாய்மார்கள் புண்ணைப் பார்த்துவிட்டு, ஆறட்டும் என்று அதே பவுடரை இன்னும் கூடுதலாகப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது. அதே 1972 செப்டம்பரில் அமெரிக்காவில் அந்த மருந்து மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காதபடி முடக்கப்பட்டது.

ஏன் வெண்பொருள்? மூளையில் நரம்பணுக்கள் குவிந்த இடம் சாம்பல் நிறம். அவற்றின் நீண்ட இழைகள் ஓடும் இடம் வெண்ணிறம். அந்த வெண்மை, இழைகளின் மேல் அடுக்கடுக்காகச் சுற்றிய கொழுப்புறையிலிருந்து வருவது. அதை மயலின் என்பார்கள். கொழுப்பை விரும்பும் ஹெக்சாகுளோரோஃபீன் அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. உறையைக் கட்டிக் காக்கும் அணுக்களும், உயிரணுவிலிருந்து உப்பை வெளியே தள்ளும் எக்கிகளும் ஏடிபியை நம்பியே இருக்கின்றன. மூளை செலவழிக்கும் ஆற்றலில் பெரும்பங்கு இந்த உப்பு எக்கிகளுக்கே போகிறது. ஆற்றல் குறைந்தால் உப்பு தங்கும், உப்பு தங்கினால் நீர் வரும். ஒருபுறம் உறையே மருந்தால் தளர்ந்திருக்க, மறுபுறம் நீரை இறைக்க ஆற்றல் இல்லாமல், மயலின் அடுக்குகளுக்கு நடுவே நீர் கோக்கிறது. நுண்ணோக்கியில் ஓட்டைகளாகத் தெரிந்தவை இந்த நீர் கோத்த இடங்கள்தான். நரம்பணுக்கள் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். அதனால்தான் தொடக்கத்திலேயே மருந்தை நிறுத்தினால் விலங்கு பல சமயம் தேறிவிடுகிறது. நீர் மெல்ல வடிந்துவிடும்.

மண்டையோடு விரியாது, அதுதான் துயரம். வயிற்றில் நீர் கோத்தால் வயிறு வீங்கும். மூளையில் நீர் கோத்தால் வீங்க இடம் கிடையாது. குறிப்பாகக் கண் நரம்பு எலும்பில் ஒரு குறுகிய துளை வழியாகத்தான் மூளைக்குள் நுழைகிறது. அங்கே அது வீங்கினால் எலும்பே அதை நெரிக்கும். நெரிபட்ட நரம்பு பிறகு நீர் வடிந்தாலும் மீளாது. கீதாரியின் கேள்விக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது.

மீதிப் பாதி குளோசன்டலில். வேதியியல் குடும்பத்தால் அது ஹெக்சாகுளோரோஃபீனின் உடன்பிறப்பு இல்லை, சாலிசைலனிலைடு என்ற வேறு குடும்பம். ரஃபாக்சனைடும், கறவை மாட்டுக்கு நாம் கொடுக்கும் ஆக்ஸிகுளோசனைடும் அதே குடும்பம். ஆனால் தொழில் ஒன்றுதான். இவையெல்லாம் புழுவின் மைட்டோகாண்ட்ரியாவில் நண்டு வளை போடுகின்றன, புழு ஆற்றல் இல்லாமல் சாகிறது. ஆட்டுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? முன்னே சொன்ன ஆல்புமின்தான் காரணம். இரத்தத்தில் சேர்ந்த மருந்தில் ஏறத்தாழ முழுவதையும் இந்தப் புரதம் தன்னோடு கட்டிவைத்துக்கொள்கிறது. கட்டுண்ட மருந்து மூளைக்குள் போக முடியாது. ஈரல் புழுவோ இரத்தத்தைப் புரதத்தோடு சேர்த்துக் குடிக்கிறது, அதன் வயிற்றில் கட்டு அவிழ்கிறது. அழகான ஏற்பாடு. ஆனால் புரதம் கட்டிவைக்கும் அளவுக்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லை தாண்டினால் கட்டில்லாத மருந்து இரத்தத்தில் திரியும். தாடை வீங்கிய ஆட்டின் உடம்பில் ஏற்கெனவே புரதம் குறைவு என்பதைக் கவனியுங்கள். மருந்து எதற்கு மிகவும் தேவையோ, அந்த ஆட்டுக்குத்தான் பாதுகாப்பும் மிகவும் மெலிந்திருக்கிறது. அதுமட்டுமல்ல, குளோசன்டல் ஆட்டின் இரத்தத்தில் பாதியாகக் குறையவே இரண்டு வாரம் ஆகும். ஒரு வாரம் கழித்து ‘இன்னும் வீக்கம் வற்றவில்லையே’ என்று இரண்டாம் முறை ஊற்றினால், அது முதல் அளவின் மேல் ஏறும் இரண்டாம் அளவு.

இப்போது அந்த மூடிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வாய்வழி அளவு, கிலோ எடைக்கு 10 மில்லிகிராம். 15 சதவீதக் கரைசல் என்று வைத்துக்கொண்டால் ஒரு மில்லியில் 150 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. 20 கிலோ ஆட்டுக்கு வேண்டியது 200 மில்லிகிராம், அதாவது ஒன்றேகால் மில்லிக்குச் சற்று மேல். மூடி 5 மில்லி பிடிக்கும் என்றால் உள்ளே போனது 750 மில்லிகிராம், கிட்டத்தட்ட நான்கு மடங்கு. கண் போகும் விபத்துகள் எழுதப்பட்டிருப்பது இந்த அளவிலிருந்துதான். அதே மூடி 10 கிலோ குட்டிக்குப் போனால் ஏழரை மடங்கு. 5 சதவீதக் கரைசலை மூடியால் ஊற்றிப் பழகியவர் அடுத்த முறை கடையில் 15 சதவீதப் பாட்டிலை வாங்கினால், அவர் கை மாறவில்லை, மருந்து மூன்று மடங்கு மாறிவிட்டது. கீதாரி கவனமில்லாதவர் அல்ல. தன் ஆடுகளில் எது எந்தத் தாய்க்குப் பிறந்தது என்று இருட்டில் தொட்டுச் சொல்லக்கூடியவர். அவர் கையில் இருந்த பாட்டிலின் லேபிளில் அளவு ஆங்கிலத்தில், உற்றுப் பார்த்தாலும் தெரியாத எழுத்தில் இருந்தது. அவரிடம் தராசும் இல்லை.

லேபிள் இல்லாவிட்டால் படித்தவர்களுக்கும் இதே கதிதான். 1993-ல் லிதுவேனியாவுக்கு நன்கொடையாக வந்த மருந்துகளில் குளோசன்டலும் இருந்தது, விவரத் தாள் எதுவும் இல்லாமல். அங்கிருந்த மருத்துவர்கள் பெயரை வைத்து வேறு மருந்துகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, கருப்பை நோய்க்கான மருந்து என்று நினைத்து 11 பெண்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். பதினொருவரும் தற்காலிகமாகப் பார்வை இழந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் மருந்து நன்கொடைக்கான நெறிமுறைகளை வகுத்தபோது இந்தச் சம்பவத்தையும் எடுத்துக்காட்டாகச் சொன்னது.

ஆற்றைப் பற்றிச் சொல்லாமல் கடைமடையில் பேச்சை முடிக்க முடியாது. ஹெக்சாகுளோரோஃபீன் போன பிறகு சோப்பிலும் பற்பசையிலும் அதன் இடத்தைப் பிடித்தது ட்ரைகுளோசான். அதுவும் குளோரின் ஏறிய ஃபீனால்தான், அதுவும் மைட்டோகாண்ட்ரியாவில் வளை போடுவதுதான். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி நீரில் ட்ரைகுளோசான் இருப்பதைக் காட்டினார்கள். உச்ச அளவு தாமிரபரணியில், லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். அமெரிக்காவில் 2016 செப்டம்பரில் கைகழுவும் சோப்புகளிலிருந்து 19 வேதிப்பொருள்களை நீக்கச் சொன்னார்கள். ட்ரைகுளோசானும், பழைய ஹெக்சாகுளோரோஃபீனும் அந்தப் பட்டியலில் இருந்தன. சாதாரண சோப்பைவிட இவை வீட்டில் கூடுதலாக எதையும் சாதிக்கின்றன என்று தயாரிப்பாளர்கள் நிரூபிக்கவில்லை என்பதே காரணம். ஆற்றில் இருக்கும் அந்த அளவு ஆட்டின் கண்ணைப் பறிக்கும் என்று நான் சொல்லவில்லை, அது பயமுறுத்தல். மைக்ரோகிராம் வேறு, மூடி வேறு. ஆனால் செவுள் வழியாக இரவும் பகலும் அந்த நீரையே சுவாசிக்கும் மீனுக்கும் நத்தைக்கும் அது சின்ன அளவு அல்ல. ஈரோட்டிலும் கரூரிலும் திருச்சியிலும் குளித்த நீர் வெட்டாற்றிலும் ஓடம்போக்கியிலும் வந்து வடியும் ஊர் இது. உங்கள் வாய்க்கால் தண்ணீரில் இது எவ்வளவு இருக்கிறது என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது அளந்து, அந்த எண்ணைப் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதிப்போடக் கேட்கும் உரிமை கடைமடைக்காரர்களுக்கு மற்ற எவரையும்விட அதிகம்.

ஆட்டுக்கு வருவோம். அளவு தப்பிவிட்டால் மாற்று மருந்து கிடையாது. வெயிலில் நிறுத்தாமல், ஓட்டாமல், நிழலில் தீவனமும் தண்ணீரும் முகத்தருகே வைத்து, உடனே மருத்துவரைக் கூப்பிடவேண்டும். புழு மருந்தின் லேபிளில் கிலோவுக்கு எத்தனை மில்லி என்பதைத் தமிழில், கட்டை எழுத்தில் அச்சிட வேண்டும். பாட்டிலோடு கோடு போட்ட சிரிஞ்சு ஒன்று கொடுக்க வேண்டும். அதன் விலை மருந்தின் விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்களும் இங்கு வேளாண்மை படிக்கும் மாணவர்களும் அறுவடை முடிந்த காலத்தில் கிடைகளுக்குப் போய், சாணத்தில் முட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னால், புழு இல்லாத ஆட்டுக்கு மருந்தே ஊற்ற வேண்டியதில்லை. இந்த அறக்கட்டளையின் வட்டிப் பணத்தில் ஒரு பகுதி அந்த வேலைக்குப் போனால், பேச்சாளருக்குப் போடும் பொன்னாடையைவிட அதைத்தான் நான் பெரிதாக நினைப்பேன்.

தராசு இல்லாதவர்கள் இப்போதைக்குத் தையல் டேப் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டின் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளக்கவேண்டும், பிறகு தோள்முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனை வரை நீளம். நெஞ்சளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் ஏறக்குறையக் கிலோ வரும். நெஞ்சு 70 சென்டிமீட்டர், நீளம் 60 என்றால் 27 கிலோ. வகுக்கத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது, கைபேசியிலும் கணக்குப் போடலாம். 27 கிலோ ஆட்டுக்கு 15 சதவீதக் கரைசல் 1.8 மில்லி. மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஊசி மாட்டாத சிரிஞ்சில் அந்த 1.8 மில்லியை எடுத்து நாக்கின் பின்பக்கம் மெதுவாக விடுங்கள். எந்த ஆட்டுக்கு எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று நோட்டில் எழுதி வையுங்கள். தாடை வீங்கிய ஆட்டுக்கும் பால் குடிக்கும் குட்டிக்கும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் ஊற்றாதீர்கள்.